திரையில் 1,222, சூளைக்குள் 1,280

விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட ஒரு கொட்டகை. அதில் என் மின்சூளை நிற்கிறது. மேலே மூடி திறக்கும் வகை, 60 லிட்டர், 4.5 கிலோவாட். நான் படித்தது ஈ.சி.ஈ. டிப்ளமோ. பத்து வருடம் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். பிறகு புதுச்சேரிக்குப் போய் ஸ்டோன்வேர் என்னும், அதிகச் சூட்டில் சுட்டுக் கல் போல இறுகும் மண்பாண்டம் கற்றுக்கொண்டேன். 1971இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி தொடங்கியதிலிருந்து அந்த ஊரில் ஸ்டோன்வேருக்கு ஆசிரியர்களும் இருக்கிறார்கள், மண்ணும், சுட்டால் கண்ணாடி போலப் படியும் பூச்சான கிளேஸும் விற்பவர்களும் இருக்கிறார்கள். சூளையைப் பழையதாக 85,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் எரிந்துபோயிருந்தது. புதிதாக ஒன்று பொருத்த 28,000 ரூபாய் கேட்டார்கள். நிரல் எழுதி ஓட்டும் சிறு போர்டான ஆர்டுயினோவும், சூட்டை உணரும் தெர்மோகப்பிள் கம்பியைப் படிக்கும் மாட்யூலும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் வரும்போது எதற்கு அவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். படித்த படிப்பு கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையும் இருந்தது. அடுத்த ஐந்து மாதம் எப்படிப் போனது என்பதை எழுதுகிறேன். இதை அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் பல இரவுகள் தூங்கியிருப்பேன்.

முதலில் வாங்கியது மேக்ஸ்6675 மாட்யூல். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை இதைத்தான் காட்டுகின்றன. கே வகை தெர்மோகப்பிளை இரண்டு திருகில் மாட்டினால் எண் வந்துவிடும். எனக்கு வந்த எண் 31.25இலேயே நின்றது. தீக்குச்சி கொளுத்திக் காட்டினாலும் அசையவில்லை. மாட்யூல் பழுது என்று இன்னொன்று வாங்கினேன், அதுவும் அப்படியே. உண்மையில் அந்தச் சிப் ஒருமுறை அளந்து முடிக்க அதிகபட்சம் 0.22 நொடி எடுத்துக்கொள்ளும். நடுவில் நாம் படிக்கப் போனால் நடந்துகொண்டிருக்கும் அளவை நிறுத்திவிட்டுப் பழைய எண்ணையே கொடுக்கும். நான் நொடிக்குப் பத்து முறை படித்துக்கொண்டிருந்தேன். அரை நொடிக்கு ஒருமுறை என்று மாற்றியதும் சரியானது. இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் சூளை எரியும்போது எண் உறைந்து நின்றால், சூடு ஏறவில்லை என்று நினைத்து நிரல் மின்சாரத்தை விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் உங்கள் நிரலில் ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள்: முழு மின்சாரம் போகும்போது பத்து நிமிடம் எண் ஏறாமல் இருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும்.

அதை நான் எழுதியது அடுத்த அடி விழுந்த பிறகுதான். கிளேஸ் பூசுவதற்கு முந்தைய முதல் சுடலான பிஸ்க் சுடல் 950 டிகிரியில் நல்லபடியாக முடிந்தது. முதல் கிளேஸ் சுடலுக்கு இலக்கு 1,222 டிகிரி. இரவு பதினொன்றரைக்குத் திரையில் 1023.75 வந்தது. கால் மணி கழித்துப் பார்த்தேன், 1023.75. இன்னொரு கால் மணி, அதே எண். மூடியின் இடுக்கில் தெரிந்த வெளிச்சம் மட்டும் ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருந்தது. வயிற்றைப் பிசைந்தது. ஓடிப்போய் மெயினை இறக்கினேன். மேக்ஸ்6675 தரும் எண் 12 பிட், அதாவது 4,095 படி வரைதான், ஒரு படி கால் டிகிரி, ஆக அதன் கடைசி எண் 1023.75. அதற்கு மேல் அதால் எதையும் சொல்ல முடியாது. தரவுத்தாளின் முதல் பக்கத்தைப் படித்திருந்தாலே தெரிந்திருக்கும். பத்து வருடம் தரவுத்தாள் படித்தே சம்பளம் வாங்கியவள் நான், என் சொந்த வேலைக்கு அதைத் திறக்கவில்லை. அந்தச் சுடலில் கிளேஸ் உருகாமல் சுண்ணாம்பு பூசியது போல நின்றது. திரும்பச் சுட்டுக்கொள்ளலாம் என்பதால் பண நட்டம் குறைவுதான்.

அடுத்தது மேக்ஸ்31855. இது 1,350 டிகிரி வரை காட்டும். இந்த முறை கவனமாக இருக்க வேண்டும் என்று ஐஸ் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன், 0.5 காட்டியது. கொதிக்கிற தண்ணீரில் 99.75. மனம் நிறைந்துவிட்டது. புதுச்சேரியில் ஒரு காபிக் கடைக்கு 38 கோப்பைகள், ஒன்று 500 ரூபாய், என் முதல் பெரிய ஆர்டர். சூளைக்குள் வைக்கும் மூன்று தட்டில் அடுக்கினேன். அதிகாலை மூன்றே முக்காலுக்குத் திரையில் 1,222 வந்தது. பத்து நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டு அணைத்தேன். மறுநாள் மாலை சூளையைத் திறந்தபோது எந்தக் கோப்பையும் நிமிர்ந்து நிற்கவில்லை. கிளேஸ் வழிந்து தட்டோடு ஒட்டியிருந்தது. மண்ணே கொப்பளித்து உப்பியிருந்தது. உளி வைத்துத் தட்டியதில் தட்டுகள் மூன்றும் உடைந்தன, ஒன்று 2,800 ரூபாய். கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்து வெகு நேரம் அழுதேன். காபிக் கடைக்காரரிடம் தொலைபேசியில் சொல்ல இரண்டு நாள் தைரியம் வரவில்லை.

திரையில் 1,222 இருந்தது, கோப்பைகளோ அதைவிட எவ்வளவோ சூட்டைப் பார்த்திருந்தன. எங்கே தவறு என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. தெர்மோகப்பிள் வெப்பநிலையை அளக்கும் கருவி என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அது அளப்பது வெப்பநிலை வித்தியாசத்தை. 1821இல் சீபெக் கண்டது இதுதான்: இருவேறு உலோகக் கம்பிகளை இணைத்து, ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருந்தால் அந்த வித்தியாசத்துக்கு ஏற்றபடி மின்னழுத்தம் பிறக்கும். கே வகையில் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். குளிர்முனை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதைச் சிப் தன் சொந்த உடம்புச் சூட்டை அளந்து தெரிந்துகொண்டு அதைக் கூட்டிச் சொல்கிறது. அப்படியானால் தெர்மோகப்பிளின் இரண்டு உலோகங்களும் சிப் வரைக்கும் வந்து சேர வேண்டும். என் தெர்மோகப்பிளின் தலை சூளைச் சுவரை ஒட்டி இருந்தது. அங்கிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளியிருந்த பெட்டிக்கு நான் இழுத்தது வீட்டு வயரிங்குக்கு வாங்கிய செம்புக் கம்பி. செம்பு இரண்டு பக்கமும் செம்புதான், அதில் எந்த மின்னழுத்தமும் பிறக்காது. ஆக உண்மையான குளிர்முனை 65 டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்த அந்தத் தலை. சிப்போ 33 டிகிரியில் உட்கார்ந்துகொண்டு, குளிர்முனை 33 என்று கணக்குப் போட்டது.

இதை எப்படிப் பிடித்தேன் என்றால், அடுத்த பிஸ்க் சுடலில் மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் அளவில் வைத்து, தெர்மோகப்பிள் தலையிலேயே தொட்டுப் பார்த்தேன். 36.7 மில்லிவோல்ட். தலையில் ஒட்டி வைத்திருந்த வெப்பமானி 65 காட்டியது. கே வகை அட்டவணையில் 65 டிகிரிக்கு 2.6 மில்லிவோல்ட். இரண்டையும் கூட்டினால் 39.3. அட்டவணையில் 39.3க்கு நேராக இருப்பது 950 டிகிரி. அதே நேரம் திரை காட்டியது 921. பல வாரமாக என்னைக் கொன்றுகொண்டிருந்த கேள்விக்கு முதல் பதில் அது. ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், கூட்டும்போது மில்லிவோல்ட்டைத்தான் கூட்ட வேண்டும், டிகிரியை அல்ல. மலிவான மீட்டரில் ஏழெட்டு டிகிரி முன்பின் இருக்கலாம். ஆனால் முப்பது டிகிரித் தவறை அது கட்டாயம் காட்டிக்கொடுக்கும். நூறு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையை முதல் சுடலிலேயே செய்திருக்க வேண்டும்.

சரி, செம்புக்குப் பதில் தெர்மோகப்பிளுக்கு ஏற்ற உலோகங்களால் ஆன காம்பென்சேட்டிங் கேபிள் போட வேண்டும் என்று புரிந்தது. சென்னை ரிச்சி தெருவில் தேடி வாங்கினேன், மஞ்சளும் சிவப்புமாக இரண்டு கம்பி. தெர்மோகப்பிள் தலையில் பிளஸ் என்று போட்ட இடத்தில் சிவப்பை மாட்டினேன், போர்டிலும் பிளஸ்ஸில் சிவப்பு. மறுபடி சோதித்தால், மீட்டர் கணக்கு 950 சொல்லும்போது திரை 889 காட்டியது. செம்புக் கம்பியே தேவலை என்றாகிவிட்டது. இதற்காக அம்பத்தூரில் தெர்மோகப்பிள் செய்யும் ஒரு சிறிய பட்டறைக்குப் பஸ் ஏறிப் போனேன். அங்கே இருந்த பெரியவர் கேபிள் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “சிவப்பு பிளஸ்ஸுன்னு யாரும்மா சொன்னது?” என்றார். “எல்லா சர்க்யூட்டிலும் அப்படித்தானே அண்ணே?” என்றேன். “உங்க சர்க்யூட்டுல அப்படி. இதுல சிவப்புதான் மைனஸ். நிறத்தையே நம்பாதம்மா, காந்தத்தை வெச்சுப் பாரு. காந்தத்துல ஒட்டுறது மைனஸ்.” அமெரிக்க முறையில் கே வகைக்கு மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். சர்வதேச ஐ.ஈ.சி. முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். நம் கடைகளில் இரண்டும் கலந்து கிடைக்கும். தெர்மோகப்பிளின் மைனஸ் கம்பி அலுமெல், அது காந்தத்தில் ஒட்டும். பிளஸ் கம்பி குரோமெல், ஒட்டாது. கேபிள் கே எக்ஸ் வகை என்றால் அதிலும் இதே உலோகங்கள்தான், இதே சோதனை செல்லும். கேபிளைத் திருப்பி மாட்டினால் பிழை போகாது, இரட்டிப்பாகும். என் விஷயத்தில் 32 டிகிரி 64 ஆனது அப்படித்தான். அந்தப் பெரியவர் அன்று என்னிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. பழைய காந்தம் ஒன்றையும் கொடுத்து அனுப்பினார். இன்னும் அது என் கருவிப் பெட்டியில் இருக்கிறது.

ஆனால் செம்புக் கம்பியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் கோப்பைகள் அவ்வளவு நாசமானதற்கு விளக்கம் போதவில்லை. இன்னொரு பிழை சிப்புக்குள்ளேயே இருந்தது. கே வகையின் மின்னழுத்தம் நேர்கோட்டில் ஏறுவதில்லை. 1,000 டிகிரிக்கு மேல் போகப்போக ஒவ்வொரு டிகிரிக்கும் கிடைக்கும் மைக்ரோவோல்ட் குறைந்துகொண்டே வரும், 1,200இல் 36ஐ ஒட்டி. மேக்ஸ்31855 இதைப் பார்ப்பதில்லை. எந்தச் சூட்டிலும் டிகிரிக்கு 41.276 மைக்ரோவோல்ட் என்று ஒரே எண்ணால் வகுக்கிறது. 100 டிகிரியில் இது கச்சிதமாக இருக்கும், 1,000இலும் கிட்டத்தட்ட சரி, நடுவில் ஏழெட்டு டிகிரிக்குள் வித்தியாசம். 1,200ஐ நெருங்கும்போது 16 டிகிரி குறைவாகக் காட்டும், 1,250இல் 22. அதனால்தான் ஐஸ் தண்ணீரும் கொதிநீரும் எனக்குப் பொய்யான தைரியத்தைக் கொடுத்தன. நீங்கள் வேலை செய்யப் போகும் சூட்டிலோ அதற்குப் பக்கத்திலோ சோதிக்காத வரை அந்தச் சோதனை குளிர்முனையைத்தான் சோதிக்கிறது. இரண்டு பிழையையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். திரையில் 1,222 வந்த அந்த அதிகாலையில் சூளைக்குள் ஏறத்தாழ 1,280 இருந்திருக்கிறது. கோன் என்பது குறிப்பிட்ட சூட்டில் வளையும் சிறு கூம்பு, எண் கூடக் கூட அது வளையும் சூடும் கூடும்; கோன் 6க்கு ஏற்ற மண்ணை கோன் 9ஐயும் தாண்டிச் சுட்டிருக்கிறேன்.

நேர்கோட்டுப் பிழைக்குப் புது மாட்யூல் வாங்கத் தேவையில்லை. மேக்ஸ்31855 தன் உடம்புச் சூட்டையும் தனி எண்ணாகக் கொடுக்கும். காட்டிய சூட்டிலிருந்து அதைக் கழித்து, 41.276ஆல் பெருக்கினால் கம்பியில் இருந்த உண்மையான மைக்ரோவோல்ட் கிடைத்துவிடும். அதோடு சிப் சூட்டுக்கான மின்னழுத்தத்தை அட்டவணையிலிருந்து எடுத்துக் கூட்டி, கூட்டுத்தொகைக்கு நேரான டிகிரியை அட்டவணையில் தேட வேண்டும். பத்து டிகிரிக்கு ஒரு எண் என்று 140 எண்களை நிரலுக்குள் போட்டு நடுவில் இடைமதிப்பு எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பின்னர் மேக்ஸ்31856க்கு மாறினேன், அது இந்தத் திருத்தத்தைத் தானே செய்துகொள்ளும், எஸ், என், ஆர் என மற்ற வகைகளையும் படிக்கும். அதில் மட்டும் ஒன்று கவனியுங்கள்: மின்கம்பி இரைச்சலை வடிகட்டும் அமைப்பு வாங்கும்போது 60 ஹெர்ட்ஸில் இருக்கும். நம் ஊருக்கு அதை 50க்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன் என் எண் நான்கைந்து டிகிரி மேலும் கீழுமாக ஆடியது. மாற்றிவிட்டு, தெர்மோகப்பிள் கேபிளை மெயின் கம்பிகளோடு சேர்த்துக் கட்டியிருந்ததையும் பிரித்துத் தனியாக ஓட்டினேன், ஆட்டம் நின்றது. இன்னொன்று, முனை உலோக உறையோடு ஒட்டிய வகைத் தெர்மோகப்பிளை மேக்ஸ்31855இல் மாட்டினால், உறை சூளைச் சட்டத்தில் படும்போது தரையோடு இணைந்துவிட்டது என்று பிழை காட்டும். முனை தனித்து இருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

அளவு சரியான பிறகும் ஒரு இரவு பயந்து நடுங்கினேன். 1,220இல் நிறுத்திவைக்கும் கட்டம். நிரல் மின்சாரத்தை நிறுத்திவிட்டது, சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது, எண் மட்டும் 1,226, 1,231 என்று ஏறியது. சூளைக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்னணு ஸ்விட்ச்தான் எஸ்.எஸ்.ஆர்.; 40 ஆம்பியர் என்று எழுதியிருந்த என் மலிவான எஸ்.எஸ்.ஆர். உள்ளுக்குள் ஷார்ட் ஆகி நிரந்தரமாக இணைந்துவிட்டது. எஸ்.எஸ்.ஆர். கெட்டால் பெரும்பாலும் இப்படித்தான் கெடும், இணைந்த நிலையிலேயே. அன்று நான் விழித்திருந்ததால் எம்.சி.பி.யை இறக்கினேன். வீட்டில் அம்மாவும் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. இப்போது எஸ்.எஸ்.ஆருக்கு முன்னால், மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்சான ஒரு கான்டாக்டர் இருக்கிறது. அதை ஓட்டுவது வேறொரு சிறிய போர்டு, வேறொரு தெர்மோகப்பிள். 1,245ஐத் தாண்டினால் அது முதல் போர்டைக் கேட்காமலே மொத்த மின்சாரத்தையும் துண்டித்துவிடும். இதை வைக்கிற செலவை மிச்சம் பிடிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 20 ஆம்பியர் ஓடும்போது எஸ்.எஸ்.ஆர். 25 வாட் அளவுக்குச் சூட்டைக் கக்கும். அதை அளவு போர்டோடு ஒரே பெட்டியில் வைத்திருந்தேன், குளிர்முனைக் கணக்கும் அதனால் கெட்டது. இப்போது இரண்டும் தனித்தனிப் பெட்டி.

துல்லியம் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். திரையில் கால் டிகிரி வரை எண் ஓடுவதைப் பார்த்து அதுதான் துல்லியம் என்று நான் நம்பியிருந்தேன். சாதாரண இரண்டாம் தரக் கே கம்பிக்கு அனுமதிக்கப்பட்ட வித்தியாசமே அளவில் 0.75 சதவீதம், 1,222இல் அது 9 டிகிரி. புதுக் கம்பியின் நிலைமை அது. 1,000க்கு மேல் திரும்பத் திரும்ப ஓட்டினால் கே வகை மெல்ல நகர ஆரம்பிக்கும், மெல்லிய கம்பி இன்னும் சீக்கிரம். என் மூன்று மில்லிமீட்டர்க் கம்பி இருபது சுடலுக்குப் பிறகு 14 டிகிரி விலகியிருந்தது. அதற்கப்புறம்தான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அலுமினா உறைக்குள் எஸ் வகை வாங்கினேன், பிளாட்டினம் என்பதால் 14,000 ரூபாய். மாதம் ஒருமுறை சுடுபவர்களுக்கு இது தேவையில்லை, தடித்த கே கம்பியை வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். எந்த வகையானாலும் முனை சூளைக்குள் நன்றாக நீட்டியிருக்க வேண்டும். முதலில் நான் இரண்டு சென்டிமீட்டர்தான் நீட்டியிருந்தேன், சுவர் பக்கமாகச் சூடு கசிந்து எண் குறைந்தது. உறையின் விட்டத்தைப் போலப் பத்து மடங்காவது உள்ளே போகட்டும்.

கம்பி விலகியதை எனக்குச் சொன்னவை கோன்கள். எனக்கு மண் வேலை கற்றுக்கொடுத்த அக்கா முதல் நாளே சொன்னார், “எந்த மெஷின் வெச்சாலும் கோன் வைக்காம சுடாத.” எண்ணே தெரியும்போது கோன் எதற்கு என்று விட்டுவிட்டேன், அந்த 38 கோப்பைகளோடு ஒரு கோன் வைத்திருந்து, பார்வைத் துளை வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் எல்லாம் தப்பியிருக்கும். சேகர் 1886இல் பெர்லினில் உண்டாக்கிய வழி இது. களிமண்ணும் உருக்கிகளும் கலந்த சிறு கூம்பு, மண்ணும் கிளேஸும் வாங்குகிற அதே சூட்டை அதுவும் வாங்கி வளைகிறது. ஆர்ட்டன் கோன் 6, கடைசி நூறு டிகிரியை மணிக்கு 60 டிகிரி வேகத்தில் ஏற்றினால் 1,222இல் வளையும், 150 வேகத்தில் ஏற்றினால் 1,243இல். அதனால் ஏறும் வேகத்தையும் சேர்த்தே நிரலில் கட்டுப்படுத்துங்கள், இலக்கு எண் மட்டும் போதாது.

மொத்தக் கணக்கு இது. ஆர்டர் 19,000, தட்டுகள் 8,400, வீணான மாட்யூல்களும் கம்பிகளும் 3,000, வீணான ஏழு சுடல்களுக்கு மின்சாரம் 2,800, சென்னைப் பயணங்கள் 1,500. ஏறக்குறைய 35,000 ரூபாய், அன்று கேட்ட 28,000ஐ விட அதிகம். எஸ் வகைக் கம்பியும் கான்டாக்டரும் இதில் சேரவில்லை, அவை இன்றும் உழைக்கின்றன. காபிக் கடைக்காரர் மூன்று மாதம் பொறுத்திருந்து அதே 38 கோப்பைகளை வாங்கிக்கொண்டார். அந்தச் சுடலில் கோன் 6இன் நுனி தட்டைத் தொட்டபோது திரை 1,219 காட்டியது. நோட்டில் தேதி போட்டு, மைனஸ் 3 என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சுடலுக்கும் அந்த நோட்டில் ஒரு வரி சேர்கிறது. அந்த வித்தியாசம் 8ஐத் தொட்டால் கம்பியைச் சோதிக்க வேண்டும் என்று அட்டையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். நாளைக் காலை ஆறு மணிக்கு அடுத்த சுடல். 5, 6, 7 என்று மூன்று கோன்களையும் பார்வைத் துளைக்கு நேராக நட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.